திருத்தப் பிரிவின் கேடயம்

"ஐஸ்கிரீம் கம்பெனியில குரல் பயிற்சி கொடுத்திருக்கீங்க. அந்த வருமானத்தை ஏம்மா எங்ககிட்ட சொல்லலை?"

வங்கியின் கடன் பிரிவில் இருந்த பெண் இப்படிக் கேட்டதும் கசிவம்மா திரும்பிப் பார்த்தாள். பின்னால் வேறு யாரோ நிற்கிறார்கள் என்று நினைத்தாள். பின்னால் ஒரு தண்ணீர்க் கேன்தான் இருந்தது.

"என்னையா கேக்கறீங்க?"

"உங்க வரிக் கணக்குலதாம்மா இருக்கு. வண்டியில ஐஸ்கிரீம் விக்கறவங்களுக்குக் கூவறதுக்குப் பயிற்சி. ஆலோசகர் கட்டணம்னு போட்டு வரி பிடிச்சுக் கட்டியிருக்காங்க."

"நான் ஒழுகற கட்டடத்தைப் பாக்கறவம்மா. குரலா? எங்க வீட்ல நான் பேசினா பக்கத்து அறைக்கே கேக்காது."

"ஹோட்டல்ல ஒழுகலைப் பாத்தேன்னு எழுதியிருக்கீங்க. அதுக்கு வரி பிடிச்சதா இங்க ஒண்ணும் இல்லையே?"

"பிடிச்சாங்களே! பிடிச்சுக்கிட்டு மீதியைத்தானே கையில கொடுத்தாங்க. இதோ ரசீது."

"ரசீது இருக்கறது கணக்குல இல்லை. கணக்குல இருக்கறதுக்கு உங்ககிட்ட ரசீது இல்லை. ரெண்டும் ஒண்ணா இருக்கணும்மா. மாசக் கடைசிக்குள்ள ஒண்ணாக்கிட்டு வாங்க, அன்னைக்கே கடனைப் போட்டுத் தரேன்."

கசிவம்மா என்பது தெருக்காரர்கள் வைத்த பெயர். ஒரு கட்டட நிறுவனத்தில் நெடுநாள் வேலை பார்த்துவிட்டு, பிறகு தனியாக ஆலோசனை சொல்லப் புறப்பட்டவள். எங்கே சுவர் ஈரமானாலும் அவளைக் கூப்பிடுவார்கள். சுவரில் காதை வைப்பாள், விரலால் தட்டுவாள், கடைசியில் யாரும் நினைக்காத ஓர் இடத்தைக் காட்டுவாள். கட்டணம் கொடுக்கிறவர்களே வரியைப் பிடித்துக்கொண்டு அவளுடைய வரி எண்ணில் அரசாங்கத்துக்குக் கட்டிவிடுவார்கள். மாதச் சம்பளம் இல்லாதவளுக்கு, அவள் உழைத்துச் சம்பாதித்தாள் என்பதற்கு இருக்கிற ஒரே சாட்சி அந்தப் பதிவுதான். அந்தச் சாட்சி இப்போது அவளைக் குரல் பயிற்சியாளர் என்கிறது.

அவள் படியேறி வீட்டுக்கு வந்தபோது கணவர் பால்கனியில் உட்கார்ந்திருந்தார். நகரப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். இரண்டு முழங்கால்களும் அவருக்கு முன்பே ஓய்வு பெற்றுவிட்டன.

"என்னம்மா, கடன் கிளம்பிடுச்சா?"

"இல்லைங்க. பஞ்சர்."

"எந்தச் சக்கரம்?"

"நான் ஐஸ்கிரீம் கம்பெனியில கூவக் கத்துக் கொடுத்தேனாம். ஹோட்டல்ல ஒழுகலைப் பாத்தது வேற யாரோவாம்."

"அப்ப உன் டிக்கெட்டுல வேற எவனோ ஏறிட்டான்."

"அவன் டிக்கெட்டுல நான் ஏறியிருக்கேன்."

"கண்டக்டர் யாரு?"

"தெரியலை. நாளைக்குப் போய் விசாரிக்கணும். தையல்காரர் வந்தாரா?"

"வந்தார். கீழ் வீட்டுக்கு இன்னொருத்தர் முன்பணத்தோட நிக்கறாராம். மாசக் கடைசி வரைக்கும் உங்களுக்காக நிறுத்தி வெச்சிருக்கேன்னார். பாவம், அதைச் சொல்ல மூணு மாடி ஏறி மூச்சு வாங்கினார்."

மின்தூக்கி இல்லாத கட்டடம் அது. தரைத்தளத்தில் இருந்த தையல்காரர் மகள் வீட்டோடு போவதால் வீட்டை விற்கிறார். கணவரைக் கடைசியாக மருத்துவரிடம் அழைத்துப் போனபோது இரண்டு பேர் நாற்காலியோடு தூக்கி இறக்கினார்கள். அவர் கண்ணை இறுக மூடிக்கொண்டார். தெருவில் அதைப் பார்த்த பழைய சக ஓட்டுநர் ஒருவர், "என்னண்ணே, பல்லக்கா?" என்று சிரித்துவிட்டார். அன்றிலிருந்து, மருத்துவர் என்ற பேச்சை எடுத்தாலே, "இப்ப வலியே இல்லை" என்பார். அந்தக் கீழ் வீடு கிடைத்தால் அவர் தன் காலாலேயே தெருவுக்கு வரலாம். கிடைக்காவிட்டால் பால்கனிதான் தெரு.

மறுநாள் கண்டக்டர் அகப்பட்டார். ஹோட்டலுக்கும் ஐஸ்கிரீம் கம்பெனிக்கும் ஒரே கணக்காளர். சிரித்த முகம்.

"தப்பு என்னோடதுதாம்மா, ஒத்துக்கறேன். ரெண்டு பேரும் ஆலோசகர். பக்கத்துப் பக்கத்துல எழுதி வெச்சிருந்தேன். எண் இடம் மாறிடுச்சு. நீங்க அவர் ஆயிட்டீங்க, அவர் நீங்க ஆயிட்டார்."

"சரி, திருத்திடுங்க."

"திருத்தி அனுப்பி ரொம்ப நாளாச்சும்மா. வரி அலுவலகத்துல திருத்தப் பிரிவு அதை ஏத்துக்கணும். அங்கதான்..."

"அங்கதான்?"

"நீங்களே போய்ப் பாத்துட்டு வாங்களேன். நான் சொன்னா நம்ப மாட்டீங்க."

திருத்தப் பிரிவு நீளமான கூடம். ஒரு பக்கம் பெஞ்சுகள், ஒரு பக்கம் கண்ணாடித் தடுப்பு. தடுப்புக்குப் பின்னால் சுவர் முழுக்கப் பரிசுக் கேடயங்கள், வரிசை வரிசையாக ஆணியில் தொங்கின. விசாரணை மேசைக்குக் கீழே ஒரு வாளி இருந்தது. மேசையை ஒட்டிய சுவரிலிருந்து தண்ணீர் கசிந்து அதில் சொட்டியது. கசிவம்மாவின் கண் முதலில் அங்கேதான் போயிற்று. தொழில் புத்தி.

பெஞ்சில் உட்கார்ந்திருந்த பெரிய உருவம் ஒன்று, கூடமே அதிர, "வாளி நிறைஞ்சிடுச்சு சார்!" என்று குரல் கொடுத்தது. ஓர் ஊழியர் ஓடி வந்து வாளியை மாற்றினார்.

கசிவம்மா அந்தக் குரலைப் பார்த்தாள்.

"நீங்க ஐஸ்கிரீம் கம்பெனியா?"

"நீங்க ஹோட்டலா?"

"ஆமாம்."

"அம்மா! உங்களைத்தான் தேடிக்கிட்டிருந்தேன். ஹோட்டல்ல தண்ணி எங்கேர்ந்து வந்துச்சு? ஒவ்வொரு தடவையும் கேக்கறாங்க, எனக்கு பதில் தெரியலை."

"மேல் தளத்துக் குளியலறை. மூலையில பூச்சு விட்டுப்போச்சு."

"அவ்வளவுதானா? நான் கிணறுன்னு சொல்லிட்டேனே!"

குரல் மாஸ்டர் என்று எல்லோரும் அழைக்கும் அவர் மேடைப் பேச்சாளர்களுக்கும், கூவி விற்பவர்களுக்கும் தொண்டை கட்டாமல் குரல் எழுப்பக் கற்றுத் தருகிறவர். இங்கே வந்து வந்து பெஞ்சில் அவருக்கென்று ஓர் இடமே ஆகிவிட்டது.

பிரிவுத் தலைவர் இருவரையும் உள்ளே அழைத்தார். மென்மையான மனிதர். நாற்காலியைத் தானே இழுத்துப் போட்டார்.

"உக்காருங்கம்மா. முதல்ல அந்தச் சுவரைப் பாருங்க. என்ன தெரியுது?"

"ஈரம்."

"அதுக்கு மேல."

"கேடயம்."

"வருஷா வருஷம் எங்களுக்குத்தான். எதுக்குன்னு கேளுங்க."

"எதுக்கு?"

"இந்தத் திருத்தப் பிரிவு தொடங்கின நாள்லேர்ந்து ஒரு திருத்தம்கூட நடந்ததில்லை. பதிவு அவ்வளவு சுத்தம்னு மேலிடமே ஒத்துக்கிட்டிருக்கு. மத்த பிரிவெல்லாம் எங்களைப் பாத்துப் பொறாமைப்படுது."

"ஆனா தப்பு இருக்கே சார். கணக்காளரே ஒத்துக்கிட்டாரே."

"அது அவரோட நேர்மை. அதைப் பாராட்டி அவருக்கு ஒரு கடிதம் போட்டிருக்கேன். ஆனா ஒரு தப்பைத் திருத்தணும்னா அது தப்புன்னு பிழைப் பிரிவு சான்று தரணும்."

"பிழைப் பிரிவு எங்க இருக்கு?"

"மூடிட்டாங்கம்மா. திருத்தமே இல்லாத இடத்துல பிழைக்கு என்ன வேலைன்னு எங்க கேடயத்தைக் காட்டித்தான் மூடினாங்க."

குரல் மாஸ்டர் பெருமூச்சு விட்டார். மேசையில் இருந்த காகிதங்கள் நகர்ந்தன.

"சார், ஒரே ஒரு எண்ணை இந்தப் பக்கம், ஒரு எண்ணை அந்தப் பக்கம். இதுல என்ன..."

"மாஸ்டர், இன்னைக்கு உங்களுக்கு மாத்தினா நாளைக்கு எல்லாரும் உண்மையைத் தூக்கிக்கிட்டு வந்துடுவாங்க. இந்தக் கூடம் தாங்குமா? பெஞ்சு எத்தனை இருக்குன்னு நீங்களே பாக்கறீங்க."

கசிவம்மா கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். "சார், வீட்டுக்காரர் மூணாவது மாடியில இருக்கார். இறங்க முடியலை. மாசக் கடைசிக்குள்ள இது ஒண்ணாகலைன்னா கீழ் வீடு கை விட்டுப் போயிடும்."

பிரிவுத் தலைவரின் முகம் உண்மையாகவே வாடியது.

"என்னை என்ன கல்மனசுக்காரன்னு நினைச்சீங்களா? எங்கம்மாவுக்கும் முட்டி வலி. உதவத்தாம்மா நான் உக்காந்திருக்கேன். பதிவைத் திருத்த வழி இல்லை. ஆனா ஆளைத் திருத்த அருமையான வழி இருக்கு."

"ஆளையா?"

"தொழில் மாற்ற விண்ணப்பம். குரல் பயிற்சி என் தொழில்னு நீங்க எழுதிக் கொடுக்கறீங்க. கசிவு பாக்கறது என் தொழில்னு மாஸ்டர் எழுதிக் கொடுக்கறார். ரசீதை ரெண்டு பேரும் மாத்திக்கறீங்க. ஆய்வதிகாரி ஒரு சின்னப் பரிசோதனை வைப்பார். தேறிட்டா அப்புறம் பதிவுல தப்பே இல்லை. எப்பவுமே இருந்ததில்லைன்னு ஆயிடும்!"

"நான் இத்தனை நாள் பாத்த வேலை?"

"அதை யாரும்மா பறிச்சாங்க? மனசுல வெச்சுக்குங்க."

அன்று மாலை அவள் விஷயத்தைச் சொன்னபோது கணவர் பால்கனியிலிருந்து தெருவைக் காட்டினார்.

"வேண்டாம்மா. நான் மேலேயே இருந்துக்கறேன். இங்கேர்ந்து பாத்தா திருப்பத்துல பஸ் வர்றது தெரியுது. எவன் சரியா ஒடிக்கிறான், எவன் பிளாட்பாரத்துல ஏத்தறான்னு எல்லாம் தெரியுது."

"கீழ போனா பஸ்ஸுல ஏறவே ஏறலாம்."

"அதுக்காக உன் தொழிலை விட்டுக் கொடுப்பியா? எனக்கு யாராவது டிரைவர் இல்லை, சமையல்காரன்னு சான்று கொடுத்திருந்தா அடிக்கப் போயிருப்பேன்."

"எனக்குக் குரல் வேற இல்லை."

"அது ஒண்ணு. நீ கூப்பிடறது எனக்கே கேக்காது. ஐஸ்கிரீம் உருகிப் போற வரைக்கும் ஒருத்தனும் திரும்ப மாட்டான்."

"கேக்காதா, கேக்காத மாதிரி இருப்பீங்களா?"

"ரெண்டும் உண்டு" என்றார் அவர். இருவரும் சிரித்தார்கள். சிரித்து முடித்ததும் அவர் முழங்காலைத் தேய்த்துக்கொண்டதை அவள் பார்த்தாள். மறுநாள் காலையிலேயே விண்ணப்பத்தை எழுதிக் கொடுத்துவிட்டாள்.

பரிசோதனைக்கு முந்தைய நாட்களில் அந்த அலுவலகப் பெஞ்சிலேயே பாடம் நடந்தது.

"தொண்டையிலேர்ந்து கூப்பிடாதீங்கம்மா. வயித்திலேர்ந்து. தூரத்துல நிக்கறவரை வரச் சொல்றதா நினைக்காதீங்க. அவர் பக்கத்துக்கு உங்க குரலை அனுப்பறதா நினைங்க."

"அடுத்தவர்..."

"போகலை. பாதி வழியில உக்காந்துடுச்சு. திரும்ப."

"மாஸ்டர், இப்ப என் முறை. இந்தச் சுவரைத் தட்டுங்க. என்ன கேக்குது?"

"சுவர்."

"சத்தத்தைச் சொல்லுங்க."

"இங்க கனமா இருக்கு. இங்க... அடடே, கீழ் ஸ்வரம்!"

"அதான் ஈரம். ஒண்ணு மட்டும் மறக்காதீங்க. தண்ணி தெரியற இடம் வேற, நுழையற இடம் வேற. யார் கேட்டாலும் முதல்ல இதைச் சொல்லுங்க. மதிப்பா இருக்கும்."

"ஹோட்டல்ல இதுக்குத்தான் அவ்வளவு வாங்கினீங்களா?"

"கூவறதுக்கு நீங்க வாங்கினதைவிடக் குறைச்சல்தான். ரசீதைப் பாத்தேன்."

ஆய்வதிகாரி மெலிந்த உருவம், அதைவிட மெலிந்த குரல். அவர் சொன்னது முதலில் இருவருக்குமே விளங்கவில்லை.

"என்ன சார்?"

பிரிவுத் தலைவர் பக்கத்திலிருந்து எடுத்துச் சொன்னார். "எனக்கே பயிற்சி கொடுத்துக் காட்டுங்கன்னு சொல்றார். கூட்டத்துல அவர் பேசறது யாருக்கும் கேக்கறதில்லை. அதனாலதான் எல்லாத் தீர்மானமும் ஒருமனதா நிறைவேறுது."

கசிவம்மா அவரைத் தடுப்புக்கு முன்னால் நிறுத்தினாள். கீழ் வீட்டு வாசலை நினைத்துக்கொண்டாள்.

"சார், 'அடுத்தவர்'னு கூப்பிடுங்க."

உதடு அசைந்தது.

"தொண்டையில இல்லை சார், வயித்துல. கடைசி பெஞ்சுல நீலச் சட்டை போட்டவர் தூங்கறார் பாருங்க. அவர்கிட்ட உங்க குரலை அனுப்புங்க."

"அடுத்தவர்."

"பாதி வழி வந்துடுச்சு. மூச்சு நல்லா எடுங்க. இந்த ஆபீஸ்ல நீங்க சொல்ல நினைச்சு சொல்லாம விட்டதெல்லாம் சேத்து ஒரே தடவையா அனுப்புங்க!"

"அடுத்தவர்!"

கண்ணாடித் தடுப்பு அதிர்ந்தது. நீலச் சட்டைக்காரர் துள்ளி எழுந்தார். கூடத்தில் இருந்த அத்தனை பேரும், தங்களைத்தான் கடைசியில் கூப்பிட்டுவிட்டார்கள் என்று காகிதங்களோடு முன்னால் ஓடி வந்தார்கள். அவர்களை மறுபடி உட்கார வைப்பதற்குள் உணவு இடைவேளை வந்துவிட்டது. ஆய்வதிகாரி மட்டும் கண்கலங்கி நின்றார். "இது என் குரலா?" என்று கேட்டார். அதுவும் எல்லோருக்கும் கேட்டது.

அடுத்தது குரல் மாஸ்டர். வாளியைக் காட்டினார்கள்.

"தண்ணி தெரியற இடம் வேற. நுழையற இடம் வேற" என்று அவர் கம்பீரமாகச் சொன்னார். பிரிவுத் தலைவர் தலையசைத்துக் குறித்துக்கொண்டார்.

மாஸ்டர் விசாரணை மேசையிலிருந்து தொடங்கிச் சுவரைத் தட்டிக்கொண்டே போனார். நடுவில் இரண்டு முறை கசிவம்மாவின் முகத்தைப் பார்த்தார். அவள் கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கேடய வரிசைக்கு அடியில் வந்ததும் அவர் விரல் நின்றது.

"கீழ் ஸ்வரம்! இங்கதான் சார். சுவருக்குள்ள குழாய் போகுது. கேடயத்துக்கு அடிச்ச ஆணி குழாயில இறங்கியிருக்கு. வருஷா வருஷம் ஒரு ஆணி."

கசிவம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை. தன் மாணவர்.

பிரிவுத் தலைவர் கேடயங்களை ஏற இறங்கப் பார்த்தார்.

"கண்டுபிடிப்பு பிரமாதம். ஆணியைப் பிடுங்கணும்னு சொல்றீங்களா?"

"வேற வழி இல்லை சார்."

"அது திருத்தம் ஆயிடுமே."

ஆய்வதிகாரி ஆமோதித்தார், புதுக் குரலில். அங்கேயே ஒரு முடிவு எடுத்து, கொஞ்சம் பெரிய வாளி வாங்க ஒப்புதல் கொடுத்தார்கள். இரண்டு சான்றிதழ்களிலும் முத்திரை விழுந்தது.

"வாழ்த்துகள்" என்றார் பிரிவுத் தலைவர். "ரெண்டு புகார், ரெண்டுக்கும் தீர்வு, ஒரு திருத்தமும் இல்லை. இந்த வருஷக் கேடயமும் எங்களுக்குத்தான். எங்க மாட்டறதுன்னுதான் இடம் தேடணும்."

வங்கிப் பெண் சான்றிதழையும், பதிவையும், ஐஸ்கிரீம் கம்பெனி ரசீதையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள்.

"பாத்தீங்களாம்மா? எல்லாம் ஒண்ணா இருக்கு. முதல்லயே இதைக் கொண்டாந்திருக்கலாம்ல?"

மாதக் கடைசிக்குள் தையல்காரர் சாவியைக் கொடுத்தார். கணவரை மறுபடியும் நாற்காலியோடு இறக்கினார்கள். இந்த முறை அவர் கண்ணை மூடவில்லை. ஒவ்வொரு திருப்பத்திலும், "இடது பக்கம் ஒடி, இடிக்காதே, அப்படியே வா" என்று வழி சொல்லிக்கொண்டே வந்தார். தரையில் வைத்ததும் தானாக எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு நடந்து, தெருவில் ஒரு காலை வைத்தார். அந்த வழியாகப் போன பேருந்தைப் பார்த்து, "இவன் பிரேக்கைச் சரி பண்ணணும்" என்றார். கசிவம்மா உள்ளே போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தாள்.

சில வாரங்கள் கழித்து ஒரு காலையில் கணவரின் செய்தித்தாளில் ஒரு சொட்டு விழுந்தது. பிறகு இன்னொன்று.

கசிவம்மா நிமிர்ந்து பார்த்த உடனேயே சொல்லிவிட்டாள். "மேல் வீட்டுச் சமையலறை. தொட்டிக்குப் போற குழாய். இருங்க, ஏணியை எடுத்துட்டு..."

"கையை எடு!"

"என்னங்க?"

"உனக்கு அதுல என்ன தெரியும்? நீ குரல் பயிற்சியாளர். முத்திரை குத்தின சான்றிதழ் அலமாரியில இருக்கு. ஏணியில ஏறி நின்னு யாராவது பாத்துட்டா? மறுபடி பதிவும் ஆளும் வேற வேற ஆயிடும். நான் திரும்ப மாடிக்குப் போகணும்."

அவர் விளையாட்டாகத்தான் சொன்னார். ஆனால் கடைசி வாக்கியத்தில் கொஞ்சம் பயம் இருந்தது. அவள் ஏணியை விட்டுவிட்டுத் தொலைபேசியை எடுத்தாள்.

குரல் மாஸ்டர் உடனே வந்தார். இப்போது அவர் கையில் ஒரு சின்னச் சுத்தியல் இருந்தது.

"தண்ணி தெரியற இடம் வேற..."

"தெரியும் மாஸ்டர், வேலையைப் பாருங்க. நாற்காலி நனையுது" என்றார் கணவர்.

மாஸ்டர் தட்டினார், காதை வைத்தார், தட்டினார். "ஸ்வரம் பிடிபடலை. தண்ணி ஓடற சத்தத்துல எல்லாம் குழம்புது. முதல்ல மேல யாராவது குழாயை மூடணும். நான் கூப்பிடட்டுமா?"

"நீங்க கூப்பிடக் கூடாது" என்றார் கணவர். "நீங்க கசிவு பாக்கறவர்."

கசிவம்மா வாசலுக்குப் போனாள். தெருவில் நின்று மேலே பார்த்தாள். மூச்சை எடுத்தாள். மேல் வீட்டு ஜன்னல் பக்கத்துக்குத் தன் குரலை அனுப்பினாள்.

"மேல் வீட்டம்மா! குழாயை மூடுங்க!"

தெருவின் இரண்டு பக்கமும் ஜன்னல்கள் திறந்தன. எதிர் வீட்டில் குழாயை மூடினார்கள். அடுத்த கட்டடத்தில் மூடினார்கள். திருப்பத்தில் வந்த பேருந்து அப்படியே நின்றது. மூன்றாவது மாடியிலிருந்து ஒரு புதுக் குடித்தனக்காரர், "மூடிட்டேம்மா!" என்றார். கடைசியில் மேல் வீட்டம்மாவும் மூடினார்.

உள்ளே சொட்டு நின்றது.

மாஸ்டர் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டுக் கைகூப்பினார். கணவர் செய்தித்தாளை உதறி, ஈரமான பக்கத்தை மடித்து, நாற்காலியைப் பழைய இடத்துக்கு நகர்த்திக்கொண்டார்.

"இந்த ஆபீஸ்காரங்களை நாம வீணா திட்டிட்டோம்மா" என்றார். "பதிவேடு ஆரம்பத்துலேர்ந்தே சரியாத்தான் இருந்திருக்கு. உனக்குத்தான் தெரியலை."